எட்டாவது ரீலுக்கு அடிக்காத மணி

படத்துக்கு ‘யு’ என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. எழுபதைத் தாண்டியவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று என் மகள் சொல்கிறாள். ஆகாதுதான். ஆனாலும் வருகிறது.

போன மாதம் நிவேதா வந்திருந்தாள். நான் வேலை பார்த்த கொட்டகையை இடித்து மூன்று திரையாகக் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அங்கே வாசலில் டிக்கெட் பார்க்கிற பெண். "பெரியம்மா, இப்பல்லாம் ஏழு வயசு, பதிமூணு வயசுன்னு பிரிச்சே போட்டுர்றாக. நம்ம பாக்குறதுக்கு ஒன்னுமே இல்ல. போன்ல வார டிக்கெட்ட மட்டும் பாத்தாப் போதும்" என்றாள். போகும்போது, தியேட்டர் தொழிலாளர் சங்க மலருக்கு உங்கள் காலத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரே யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடியில் அந்தக் கொட்டகையில் இருபத்து மூன்று வருஷம் பெண்கள் வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் என் சின்னம்மா நின்றாள். அவளுக்குக் கால் வீங்கிப் போனதும் நான் போனேன். முதல் இரண்டு வருஷம் டிக்கெட்டை நீட்டுகிறவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பிறகு பழகிவிட்டது. உள்ளே இருட்டு, யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கூச்சக்காரிக்கு ஏற்ற வேலை.

வேலை இதுதான். பெண்கள் பக்கத்து வாசலில் கனமான திரைச்சீலை தொங்கும். டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கம்பியில் குத்திவிட்டு, மீதியைக் கொடுத்து, டார்ச் அடித்து இடம் காட்ட வேண்டும். மடியில் உட்காருகிற பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. எல்லோரும் உட்கார்ந்ததும் வாசல் பக்கத்தில் உள்ள சுவிட்சை அமுக்கினால் மேலே ஆபரேட்டர் ரூமில் மணி அடிக்கும். ஆபரேட்டர் காதர் பாய் படத்தை விடுவார். அப்புறம் நான் திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். என் ஸ்டூலில் இருந்து பார்த்தால் திரை கோணலாகத் தெரியும். ஆனால் பெண்கள் முகமும் பிள்ளைகள் முகமும் நேராகத் தெரியும். நான் படம் பார்த்தது அப்படித்தான்.

ஒரு படத்தை நாலு காட்சி அப்படிப் பார்த்தால், எந்த ரீலில் எந்தப் பிள்ளை அழும் என்று தெரிந்துவிடும். பசி அழுகை வேறு. சத்தத்துக்கு அழுவது வேறு. உள்ளபடி சொன்னால் சாமி படத்துக்குத்தான் அதிகப் பிள்ளைகள் பெஞ்சை நனைத்தார்கள். அம்மன் நாக்கைத் தள்ளிக்கொண்டு வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் போய்க் காதோடு சொல்வேன்: "அக்கா, இப்ப வந்துரும், பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க." வருவார்கள். திரைச்சீலைக்கு வெளியே உள்ள நடையில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "சாமி போயிருச்சா மேரி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் மேனேஜர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பால்கனியில் நிற்கிறவர் ‘பால்கனி’. சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறவர் ‘ஸ்டாண்டு’. நான் ‘லேடீஸ்’. பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவார். சாவிக்கொத்தில் ஒரு சின்னச் சாவி இருக்கும், அதை வைத்துக் காதைக் குடைந்துகொண்டே கேட்பார். ஒரு படம் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று முடிவு செய்ய அவரிடம் மூன்று கேள்விகள் உண்டு. "ரத்தம் இருக்கா? குளியல் இருக்கா? முத்தம் இருக்கா?" மூன்றும் இல்லையென்றால் சாவியைக் காதிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு, "குடும்பப் படம், பிள்ளைகளக் கூட்டியாரச் சொல்லு" என்பார். ஒன்று இருந்தால், அந்த இடம் வரும்போது நான் மணியை அமுக்க வேண்டும். காதர் பாய் லென்ஸுக்கு முன்னால் அட்டையை வைத்துச் சத்தத்தையும் குறைத்துவிடுவார். பள்ளிக்கூடக் காட்சிகளுக்கு அதுதான் எங்கள் முறை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். ஒரு சிரிப்புப் படம் வந்தது. ஒரே வீட்டில் நாலு அண்ணன் தம்பி, அவர்கள் மனைவிமார், ஒரு வால் பையன். ஊரே பார்த்தது. பார்த்தவர்களே மறுபடியும் பார்த்தார்கள். அதில் எட்டாவது ரீலில் ஒரு இடம் வரும். பையனின் சேட்டை தாங்காமல் சித்தப்பாவாக வருகிற சிரிப்பு நடிகர், "உன்னையத் தவிட்டுக்கு வாங்குனோம்டா" என்று சொல்வார். எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். பையன் அதை நம்பி, ஒரு பையில் பல் விளக்கும் பிரஷ்ஷை எடுத்து வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவான். மீன்காரி, போலீஸ்காரி, பல் இல்லாத கிழவி என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு போவான்: "நீங்கதான் எங்கம்மாவா?" பல் இல்லாத கிழவி, "நாந்தாண்டா!" என்று கையை விரிப்பாள். கொட்டகை அதிரும்.

பெரியவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். பிள்ளைகள்? முதல் காட்சியில் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது காட்சியில் கவனித்தேன். மூன்றாவதில் உறுதியாயிற்று. வேறு எந்தப் படத்திலும் நான் பார்க்காதது அது. அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, இருட்டில், பெற்றவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். பிள்ளை மறுபடி திரையைப் பார்க்கும். அழுகை இல்லை, சத்தம் இல்லை. கழுத்து மட்டும் திரும்பும். அவ்வளவுதான்.

அந்தப் படம் ஓடும்போதே ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்தார்கள். குழந்தைகள் தினத்துக்குக் காலையில் தனிக் காட்சி வேண்டும் என்றார்கள். ஐந்து, ஆறு வயசுப் பிள்ளைகள் இருநூறு பேர். கூட நாலு டீச்சர். மேனேஜர் அறையில் பெரிய டீச்சர் உட்கார்ந்திருந்தார். காதர் பாயும் நானும் நின்றோம். மூன்று கேள்விகளும் முடிந்தன. குளியல் பாட்டு ஒன்று இருந்தது. அதற்கு அட்டை என்று முடிவானது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "லேடீஸ், வேற ஏதும் பயப்படுற மாதிரி இருக்கா?" என்றார்.

எனக்கு அன்றைக்கு வாய் எப்படித் திறந்ததோ. "அந்த எட்டாவது ரீலுங்கய்யா. தவிட்டுக்கு வாங்குற எடம்" என்றேன்.

சாவி காதிலேயே நின்றது. "அதாம்மா படத்துலயே பெரிய காமெடி!" என்று சிரித்தார். பெரிய டீச்சரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுல என்னைய ரெண்டு படி தவிட்டுக்கு வாங்குனதா சொல்வாக. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் என்று கேட்டிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. இன்னொன்றும் வந்தது. நம் பக்கத்தில் செட்டியார் வீடுகளில் பிள்ளை இல்லாதவர்கள் பங்காளி வீட்டிலிருந்து ஒரு ஆண் பிள்ளையைச் சுவீகாரமாகக் கூட்டிக்கொள்வது வழக்கம். ஒளிவு மறைவு இல்லை. ஊரைக் கூட்டி விருந்து வைத்துத்தான் செய்வார்கள். ஊருக்கே தெரியும். கைப்பிள்ளையாக வந்த பிள்ளைக்கு மட்டும் தெரியாது, அவர்களாகச் சொல்கிற வரைக்கும். அந்த இருநூறு பேரில் அப்படிப் பிள்ளைகள் இல்லாமலா இருக்கும்? இதையும் சொல்லியிருக்க வேண்டும். பெரிய டீச்சர் படித்தவர், நான் ஐந்தாவது. தலையைக் குனிந்துகொண்டேன். காதர் பாய் மட்டும் படியேறும்போது மெதுவாகச் சொன்னார்: "மேரி, ஒனக்குத் தோணுச்சுன்னா மணிய அடி. நான் அட்டைய வச்சிர்றேன். எவன் கேப்பான்னு பாப்போம்."

அன்றைக்குக் காலையில் பிள்ளைகள் வகுப்புக்கு ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முழத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு பிள்ளை. டீச்சர் முடிச்சை எண்ணினால் பிள்ளையை எண்ணின மாதிரி. நல்ல முறைதான்.

படம் ஓடியது. குளியல் பாட்டுக்கு மணி அடித்தேன், அட்டை விழுந்தது. எட்டாவது ரீல் வந்தது. என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அப்போது மேனேஜர் உள்ளே வந்து பின்சுவரில் சாய்ந்து நின்றார். அந்த இடத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வந்திருந்தார். என் விரல் கீழே இறங்கிவிட்டது.

நான் அமுக்கவில்லை. இதை எழுதுவதற்குத்தான் இந்த நோட்டு.

இருநூறு பிள்ளைகளும் முதலில் சிரித்தார்கள். அப்புறம் கழுத்துகள் திரும்பின. இந்தப் பக்கம் பக்கத்துப் பிள்ளை, அந்தப் பக்கம் பக்கத்துப் பிள்ளை. டீச்சர்கள் நாலு பேரும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷத்துக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக எழுந்து சுண்டுவிரலைக் காட்டிக்கொண்டு என்னிடம் வந்தன. பயந்த பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் கூட ஒரு ஆளைக் கேட்டு வைக்கவில்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனேன். வாசல் எனக்கு முதுகுப்புறம் இருந்தது. வெளிக்கேட்டில் நிற்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

இடைவேளையில் டீச்சர் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். ஒரு முடிச்சில் கை இல்லை.

சாத்தப்பன். ஒன்றாம் வகுப்பு. விசாலாட்சி ஆச்சி வீட்டுப் பிள்ளை. பெயரைக் கேட்டதும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. கொத்தமங்கலத்தில் ஒரு பங்காளி வீட்டிலிருந்து கைப்பிள்ளையாகக் கூட்டி வந்த பிள்ளை அவன்.

கையில் கிழித்த டிக்கெட் குத்திய கம்பியோடு, காலில் செருப்பில்லாமல் ஓடினேன். கடைத்தெரு முனையில் பூக்கட்டுகிறவளிடம், "ஒரு சின்னப் பய, சாப்பாட்டுக் கூடையோட…" என்று ஆரம்பிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"ஆமாக்கா! அச்சு அசலா படத்துல வார மாதிரியே, ‘நீங்கதான் எங்கம்மாவா?’ன்னு கேட்டான். நானும், ‘நாந்தாண்டா’ன்னு கைய விரிச்சேன். பயபுள்ள மொறச்சுப் பாத்துட்டு அங்குட்டுப் போயிட்டான். என்னா நடிப்பு!"

வீட்டில் ஆச்சியை ‘ஆத்தா’ என்று கூப்பிடுகிற பிள்ளை. ‘அம்மா’ என்று கேட்டதும் எல்லோருக்கும் படம்தான் நினைவுக்கு வந்தது. பழக்கடையில் கேட்டிருக்கிறான், சிரித்திருக்கிறார்கள். பாத்திரக்கடையில் இன்னொரு தடவை கேட்கச் சொல்லி, ஆளைக் கூட்டி வைத்துச் சிரித்திருக்கிறார்கள். தெருவே அந்தப் படத்தைப் பார்த்திருந்தது. அதனால் ஒருத்தர்கூட அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தவில்லை. காய் விற்கிற ஒருத்தி, ஆச்சி வீட்டில் பிள்ளை கூட்டிய விருந்துக்குப் பாத்திரம் விளக்கப் போனவள், அவளுக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது. "நீ கொத்தமங்கலத்துப் பிள்ளையில்ல? அங்குட்டுப் போயிக் கேளுடா!" என்று சொல்லி அவளும் சிரித்திருக்கிறாள். என்னிடம் சொல்லும்போதும் சிரித்தாள். அவள் கன்னத்தில் அறைய என் கை எழுந்ததை இங்கே எழுதுகிறேன். அறையவில்லை. ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் கொத்தமங்கலம் போகிற டவுன் பஸ்ஸின் முன்சீட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்டக்டர், "யாரு கூட வந்தே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

அழவில்லை அவன். "எங்கம்மா கொத்தமங்கலத்துல இருக்காகளாம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "படத்துல அந்தப் பையனுக்கு அம்மா கெடச்சாகளா?" என்று கேட்டான்.

படத்தின் முடிவு எனக்குத் தெரியும். கடைசி ரீலில் எல்லோரும் ஓடி வந்து கட்டிப்பிடித்து, "எல்லாம் வெளையாட்டுக்குடா, நீ எங்க சொந்த ரத்தம்டா" என்பார்கள். எல்லாம் சரியாகிவிடும். அதனால்தானே அது குடும்பப் படம். அந்த முடிவை இந்தப் பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்வேன்? மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது சர்க்கரை. இவனுக்கு?

"வாப்பா. ஆத்தாகிட்டப் போவோம்" என்று தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

மேனேஜர் அறையில் ஆச்சி நின்றுகொண்டிருந்தார். ஆள் அனுப்பி வந்திருந்தார். கொண்டையை முடியவில்லை, அப்படியே வந்திருந்தார். கொத்தமங்கலம் பஸ்ஸில் இருந்தான் என்று சொல்லிப் பிள்ளையை இறக்கிவிட்டேன். அவன் அவரிடம் ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து கழுத்தை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தான். இருட்டில் இருநூறு பிள்ளைகள் தேடிய முகத்தை அவன் அங்கேதான் பார்த்தான்.

"பிள்ளைதான் கெடச்சிருச்சே ஆச்சி! படத்துல வார மாதிரியே கெளம்பிட்டான் பாருங்க" என்று மேனேஜர் சிரித்தார்.

"சிரிக்காதீக" என்றேன். என் குரல்தான். எனக்கே யாரோ பேசியது போல இருந்தது.

ஆச்சி என்னைப் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்தார். "ஆமப்பா. கொத்தமங்கலத்துல ஒன்னையப் பெத்தவுக இருக்காக. நான் ஒன்னைய வளக்குறவ. நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், பாரு" என்றார். அப்புறம் எழுந்தார். கத்தவில்லை.

"இவனுக்குச் சொல்றதுக்குன்னு நான் ஒரு நாள் வச்சிருந்தேன். கோயிலுக்குக் கூட்டிப் போயி, மடியில வச்சிச் சொல்லணும்னு இருந்தேன். நீங்க அதப் போயிக் கொட்டகையில சிரிக்கச் சிரிக்கப் போட்டுச் சொல்லிட்டீக."

போய்விட்டார். அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் அந்த ஆச்சி எங்கள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "பெரிய எடத்துக்காரக, அப்படித்தான் பேசுவாக" என்றார். பெரிய டீச்சர், வாசலில் நின்றவள் கவனமில்லாதவள் என்றார். அதுவும் சரிதான். ஆனால் அது மட்டுமா?

அடுத்த வாரம் அதே படத்துக்கு இன்னொரு பள்ளிக்கூடம் வந்தது. மேனேஜர் கூப்பிட்டார். "லேடீஸ், வியாழக்கெழம காலையில. குளியலுக்கு மட்டும் மணி."

"எட்டாவது ரீலுக்கும் அடிப்பேனுங்கய்யா" என்றேன்.

"அடிச்சா அடி. பாய் அட்டைய வைக்க மாட்டாரு."

காதர் பாய் கதவருகில் நின்றிருந்தார். "மணி அடிச்சா அட்டைய வையின்னு சொன்னது நீங்கதானுங்கய்யா. எந்த எடத்துக்கு அடிக்குதுன்னு மணியிலயா எழுதியிருக்கு? நான் மேல இருக்கவன், எனக்கு என்ன தெரியும்?"

மேனேஜர் சாவியை எடுத்தார், காதுக்குக் கொண்டு போகவில்லை. முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உன் பேரு என்னம்மா?"

பதினோரு வருஷம் அவரிடம் வேலை பார்த்தவள் நான். "ஆரோக்கியமேரி" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்காரக வந்து ஏன்னு கேட்டா, ஆரோக்கியமேரி, நீதான் அவுக முன்னாடி நின்னு பதில் சொல்லணும். நான் இல்ல."

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்று அவருக்குத் தெரியும். "சொல்றேனுங்கய்யா" என்றேன்.

வியாழக்கிழமை எட்டாவது ரீலில் அமுக்கினேன். அட்டை விழுந்தது, சத்தம் அடங்கியது. பிள்ளைகள் இருட்டில் விசிலடித்தார்கள், காலால் பெஞ்சை உதைத்தார்கள். ஒரு டீச்சர் எழுந்து வேகமாக என்னிடம் வந்து, "என்னாச்சு?" என்றார். "அது சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாத எடம் டீச்சர். முடிஞ்சதும் வந்துரும்" என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனாலும் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது. பூமி பிளக்கவில்லை. இவ்வளவு சின்னக் காரியத்துக்குத்தான் நான் அத்தனை பயந்திருக்கிறேன்.

நிவேதா, அவர்கள் ஏழு, பதிமூன்று என்று எழுதி ஒட்டட்டும். நல்லதுதான். எழுதுகிறவர்கள் திரையைப் பார்த்து எழுதுகிறார்கள். பிள்ளைகள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்ப்பதற்கு உன் வாசலை விட்டால் வேறு இடம் இல்லை. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், நீ இரண்டாம் தடவையும் சொல்.

அந்த வியாழக்கிழமை மூன்று நிமிஷ இருட்டில் நான் டார்ச்சை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். கத்தினார்கள், கூத்தடித்தார்கள். ஒரு பிள்ளைகூட யார் முகத்தையும் தேடித் திரும்பவில்லை. அந்த மணி நன்றாகத்தான் வேலை செய்தது. அதற்கு முந்தின வாரமும் நன்றாகத்தான் இருந்தது.